மெத்தைக்கடை வழங்கும் ஆரவாரம்

மற்றதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் கால்பந்து அணி வரிசையாகத் தோற்றதைப் பொறுத்துக்கொண்டேன். மழை வந்தால் நனையாத இடத்தைத் தேடிப்பிடிக்க வேண்டிய கேலரிக் கூரையைப் பொறுத்துக்கொண்டேன். இடைவேளையில் வெந்நீரைத் தேநீர் என்று கூசாமல் விற்றதையும் காசு கொடுத்து வாங்கிக் குடித்தேன். ஆனால் என் குரலையே பிடித்துவைத்து எனக்கே போட்டுக் காட்டினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. வருகிறவர்களை நெஞ்சைத் தகட்டோடு ஒட்டி நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. விடுங்க" என்பேன். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை இதே பாட்டுத்தான். வீட்டில் காய் நறுக்கும்போதுகூட என்னையறியாமல் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் மைதானத்திலும் சொல்லிவிட்டேன். பல வருடங்களுக்கு முன்னால் நடந்தது. எங்கள் அணிக்குக் கார்னர் கிடைத்திருந்தது. ஒரு கோல் போட்டால் ஆட்டம் நமது. பக்கத்தில் என் கொழுந்தன் நகத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கு எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. வலது கையைத் தூக்கி, "எல்லாரும் மூச்சை இழுங்க. பிடிங்க" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பிடித்தும்விட்டார்கள். பந்து கிளம்பியதும் கையை இறக்கி "விடுங்க!" என்று கத்தினேன். அடைத்து வைத்திருந்த மூச்செல்லாம் சத்தமாக வெளியே வந்தது. பந்து வலைக்குள் கிடந்தது.

அதற்குப் பிறகு யார் என்னை விட்டார்கள்? ஒவ்வொரு கார்னருக்கும் மேற்கு கேலரி முழுவதும் என் பக்கம் திரும்பும். கை மேலே போனால் ஊசி விழும் சத்தம் கேட்கும். கை இறங்கினால் காது கிழியும். வெளியூர் அணிக்காரர்கள் அந்த அமைதியைக் கண்டு மிரள்வார்கள். எல்லாக் கார்னரும் கோலாகவில்லை, நாங்கள் ஒன்றும் மந்திரவாதிகள் இல்லை. ஆனால் எனக்கு 'மூச்சக்கா' என்று பெயர் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆள் கடைத்தெருவில் வழிமறித்து, "மூச்சக்கா, அடுத்த வாரம் ஜெயிச்சிடுவோமா?" என்று கேட்பான். எனக்குத் தலைகால் புரியாது.

இப்படி இருந்த இடத்தில்தான் புது நிர்வாகி வந்து சேர்ந்தார். மரியாதையான மனிதர், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை. அணி தோற்கத் தோற்கக் கூட்டம் குறைந்திருந்தது. கூட்டத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு மனிதர் சத்தத்தைக் கூட்டினார். கேலரியைச் சுற்றிப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வைத்தார். பழைய ஆட்டம் ஒன்றின் ஒலிப்பதிவிலிருந்து எங்கள் ஆரவாரத்தை வெட்டி எடுத்து, ஒவ்வொரு கார்னருக்கும் போடச் சொன்னார். அதற்கு விளம்பரதாரர் வேறு. முதலில் தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் சொல்வாள்: "இந்த ஆரவாரத்தை உங்களுக்கு வழங்குவது, நிம்மதியான உறக்கத்திற்கு உங்கள் மெத்தைக்கடை." அதைத் தொடர்ந்து ஒரே ஒரு குரல் "விடுங்க!" என்று கத்தும். பிறகு ஆயிரம் தொண்டைகள் கத்தும்.

அந்த ஒரே ஒரு குரல் என்னுடையது.

முதலில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கம்போல் கையைத் தூக்கினேன். மூச்சை இழுத்துப் பாதி ஆகும்முன்பே மெத்தைக்காரி பேச ஆரம்பித்துவிடுவாள், அவள் முடித்ததும் என் பழைய குரல் என்னை முந்திக்கொள்ளும். மெஷின் கத்தும்போது மனிதன் எதற்குத் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டும்? ஆட்கள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்சநாளில் என் கையும் மடியிலேயே கிடந்தது.

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் நான், ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போகத் தொடங்கினேன். பிறகு இடைவேளையோடு கிளம்பி வந்தேன். பிறகு காரணம் தேட ஆரம்பித்தேன். மழை வரும்போல் இருக்கிறது, துணி மலைபோல் கிடக்கிறது. ஒரு சனிக்கிழமை தலைவலி என்று கொழுந்தனிடம் சொன்னேன். நான் மற்றவர்களுக்குத் தலைவலி கொடுத்துத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஆனாலும் நம்பியவர்போல் தனியாகப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, போகாமல் இருப்பது சுகமாக இருந்ததே, அது பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். வீட்டிலேயே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை செய்வார். அவருக்குச் சத்தம் என்றாலே ஆகாது. என்னை எப்படிக் கட்டிக்கொண்டார் என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் கேட்பார்கள். மைதானம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பதால், ஆட்ட நாளில் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்திவிடுவார். நான் தலைவலி என்று வீட்டில் தங்கிய அன்றைக்கும் சாத்தினார். நான் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மூடிய ஜன்னலைத் தாண்டி மெத்தைக்காரி வந்தாள். அவளைத் தொடர்ந்து "விடுங்க!" என்று நானே வந்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ அங்கயும் இருக்க, இங்கயும் இருக்க. நான் யாரைச் சத்தம் போடாதன்னு சொல்றது?" என்றார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தத்திலாவது அந்தக் குரல் கேட்காமல் இருக்கட்டும் என்றுதான்.

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம் நெருங்கியது. அதில் ஜெயித்தால் பிரிவில் நீடிக்கலாம். சமன் செய்தால்கூடக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். கொழுந்தன் இரண்டு முறை வந்து கேட்டார். வரவில்லை என்று இரண்டு முறையும் சொன்னேன். மூன்றாவது முறை கேட்கட்டும், கத்திவிடலாம் என்று இருந்தேன், அவர் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் எக்ஸ்ரே அறைக்கு ஒருவர் வந்தார். பயிற்சியில் விலாவில் இடிபட்டதாம். நெடுநெடுவென்ற உயரம், காதோரம் நரை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் அணியின் கேப்டன். ஆஸ்பத்திரியில் ஆளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது முறையில்லை. வழக்கம்போல் நிற்கவைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் போனேன். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. விடுங்க" என்றேன்.

அவர் சடாரென்று திரும்பினார். விலா வலியில் முகம் சுளித்தது, ஆனாலும் சிரித்தார்.

"அக்கா, அந்தக் கை உங்களோடதா?"

"எந்தக் கை?" என்றேன், தெரியாததுபோல்.

"மேற்கு கேலரில நிக்குமே, அந்தக் கை. கார்னர் எடுக்கறப்ப நான் பந்தைப் பாக்கவே மாட்டேன். அந்தக் கையைத்தான் பாப்பேன். அது இறங்கினாத்தான் அடிப்பேன்."

இத்தனை வருடமும் அவர் கால் கிளம்புவதைப் பார்த்துத்தான் நான் கையை இறக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ என் கை இறங்குவதைப் பார்த்துத்தான் காலைக் கிளப்பியிருக்கிறார். நான் அவருக்காகக் காத்திருக்க, அவர் எனக்காகக் காத்திருக்க, இடையில் பந்து தானாகப் போயிருக்கிறது போலும்.

அவர் மேற்கொண்டு சொன்னதுதான் என்னை ஆட்டிவைத்தது. ஸ்பீக்கர் வந்தபிறகு கேலரியில் கையும் இல்லை, அமைதியும் இல்லை, வேறு வழியில்லாமல் அந்தச் சத்தத்துக்குத்தான் அடிக்கிறாராம். சத்தம் வந்தால் பந்து வரும் என்பது இப்போது எல்லா அணிக்கும் தெரியும். மெத்தைக்காரி பேச ஆரம்பித்ததுமே எதிரணி கோல்கீப்பர் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராகிவிடுகிறானாம். ஸ்பீக்கர் வைத்த பிறகு கார்னரில் எங்களுக்கு ஒரு கோல்கூட விழவில்லை. யோசித்துப் பார்த்தேன், உண்மைதான்.

"சத்தம் முடியற வரைக்கும் அடிக்காம நிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"கை நின்னா நிப்பேன். ஆனா கை மட்டும் பத்தாது அக்கா. கேலரி அமைதியானாத்தான் எங்க பசங்களுக்கு எப்ப ஓடணும்னு தெரியும்." சட்டையை மாட்டிக்கொண்டார். "சனிக்கிழமை வருவீங்கல்ல?"

எலும்பைப் பற்றி டாக்டர் சொல்வார் என்று சொல்லி அனுப்பினேன். வேலை முடிந்து நேரே நிர்வாகியின் அறைக்குப் போனேன். ஒருநாள் மட்டும், கார்னருக்கு மட்டும், அந்தப் பெட்டிகளை நிறுத்திவையுங்கள் என்று கேட்டேன். அவர் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பருவம் முடியும்வரை ஒப்பந்தம் இருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். அந்தக் குரல் என்னுடையது என்று தெரிந்ததும் எழுந்து கைகுலுக்கி, விளம்பரதாரரின் அன்பளிப்பு என்று ஒரு தலையணையைக் கொடுத்தார். நான் அதை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். நல்ல தலையணைதான், கொண்டுவந்திருக்கலாமோ என்று வழியில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை எனக்கும் சேர்த்து இடம் பிடிக்கச் சொன்னேன்.

கடைசி ஆட்டம் என்பதால் கேலரி ஓரளவு நிறைந்திருந்தது. பாதிப்பேர் புதுமுகங்கள். கேப்டன் விலாவில் கட்டோடு இறங்கினார். முதல் கார்னர் சீக்கிரமே கிடைத்தது. நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். என் கொழுந்தன் மூச்சைப் பிடித்தார். முன்வரிசையில் இருந்த சலூன்காரர், பழைய ஆள், அவரும் பிடித்தார். அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒருவன், "டீச்சர், அந்தக்கா ஒண்ணுக்குப் போகணுமாம்" என்றான். ஒரே சிரிப்பு. மெத்தைக்காரி பேசினாள், என் பழைய குரல் கத்தியது. கேப்டன் ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தார். சலசலப்பு அடங்கவில்லை. அடித்துவிட்டார். கோல்கீப்பர் நிதானமாக வந்து இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துக்கொண்டுபோனான்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. இந்த வயதில் நாலு பேர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்று சிரிப்பாய்ச் சிரிக்கவைத்துவிட்டேனே என்று இருந்தது. இடைவேளையில் கிளம்பிவிடுகிறேன் என்று கொழுந்தனிடம் சொன்னேன்.

என் கொழுந்தன் பஸ் கண்டக்டர். அதிகம் பேசாதவர், பேசினால் டிக்கெட் கொடுப்பதுபோல் அளந்து பேசுவார். "அண்ணி, நீங்க கையைப் பாத்துக்கோங்க. ஆளுங்களை நான் பாத்துக்கறேன்" என்றார்.

சொல்லிவிட்டுப் படிகளில் ஏற ஆரம்பித்தார். வெறும் பேச்சில்லை, வேலைநேரத்துக் கண்டக்டராகவே மாறிவிட்டார். "பின்னாடி இருக்கறவங்க கவனிங்க, அடுத்த கார்னருக்கு எல்லாரும் மூச்சு எடுத்துக்கணும். மூச்சு எடுக்காதவங்க யாராவது இருக்கீங்களா? போனை உள்ள வைங்க சார். அந்தக் கை இறங்கற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது." இடித்துப் பிடித்து நிற்கும் கூட்டத்துக்குள் புகுந்து வருவது அவருக்கு அன்றாட வேலை. ஒரு வரிசையையும் விடவில்லை. ஒண்ணுக்கு என்று கேலி பேசியவனிடம் குனிந்து என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறார். அவன் அடங்கி உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். இந்த முறை பாதிக் கேலரி பிடித்தது. கேப்டனும் கொஞ்சம் காத்திருந்தார். ஆனால் மேல்வரிசையில் யாரோ பொறுக்கமாட்டாமல் விசிலடித்துவிட்டார்கள், ஓட வேண்டியவர்கள் முன்கூட்டியே ஓடிவிட்டார்கள். பந்து ஒரு தலையில் பட்டு வெளியே போனது. கோல் இல்லை. ஆனால் கோல்கீப்பர் தடுமாறியதைக் கேலரி முழுவதும் பார்த்தது. சலூன்காரர் பின்னால் திரும்பி, "யாருய்யா விசிலு?" என்று ஒரு அதட்டு அதட்டினார். அதற்குப்பிறகு நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த கார்னர் எப்போது வரும் என்று கேலரியே எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது.

ஆட்டம் முடியும் நேரம் ஆகிவிட்டது. இரு பக்கமும் கோல் இல்லை, இப்படியே முடிந்தால் கீழ்ப்பிரிவுதான். அப்போது எங்கள் ஆள் அடித்த பந்து எதிரணிக்காரன் காலில் பட்டுக் கோட்டைத் தாண்டியது. கார்னர்.

நான் கையைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் மொத்தக் கேலரியும் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு நாள் ஆயிற்று அதைக் கேட்டு.

மெத்தைக்காரி நிம்மதியான உறக்கத்தைப் பற்றிச் சொல்லி முடித்தாள். ஸ்பீக்கரில் என் குரல் "விடுங்க!" என்று கத்தியது.

யாரும் விடவில்லை.

பெட்டிகள் மட்டும் தனியாகக் கத்தின. கோல்கீப்பர் கணக்குத் தவறாமல் கிளம்பினான், இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து எகிறினான். பந்து வரவில்லை. பந்து கார்னர்க் கொடிக்கருகே தரையில் இருந்தது. அதன் பக்கத்தில் கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்போல் எங்கள் கேலரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஸ்பீக்கர் கத்தி முடித்து ஓய்ந்தது.

அதன்பிறகு வந்தது எங்கள் அமைதி. கொடி காற்றில் படபடப்பது கேட்டது. சலூன்காரரின் பிடரி சிவந்திருந்தது. கோல்கீப்பர் தன் ஆட்களிடம் என்னவோ கேட்டுக்கொண்டே பின்னால் நடக்க ஆரம்பித்தான். கோலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நான் கையை இறக்கினேன். "விடுங்க!"

அந்த ஒரு சொல்லில் என் தொண்டை கிழிந்துபோயிற்று. கேப்டன் அடித்ததைப் பார்த்தேன், எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர் எல்லோருக்கும் மேலே எழும்பியதைப் பார்த்தேன். பந்து வலையில் விழுந்ததைப் பார்க்கவில்லை, அதற்குள் கொழுந்தன் என்னைத் தூக்கிவிட்டார். கேலி பேசியவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். இரும்புத் தூணெல்லாம் அதிர்ந்தது. மேலே கண்ணாடி அறையில் நிர்வாகி சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். கோலுக்கென்று ஸ்பீக்கரில் ஒரு பாட்டு உண்டு. போட்டார்களாம். யாருக்குக் கேட்டது?

மிச்சமிருந்த சில நிமிடங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். கடைசி விசில் ஊதியதும் அணி முழுவதும் எங்கள் கேலரிக்கு முன்னால் வந்து நின்றது. கேப்டன் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தலைக்குமேல் தூக்கினார். கேலரி மறுபடியும் அடங்கியது. இந்த முறை அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. அவர் கை இறங்கியது, நாங்கள் கத்தினோம். எனக்குத்தான் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

கொழுந்தன் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "வர்றேன் அண்ணி" என்று விசிலடித்துக்கொண்டே போனார். உள்ளே போனால் என் வீட்டுக்காரர் மேஜையில் இல்லை. ஜன்னல் அகலத் திறந்திருந்தது, அவர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். திருத்த வேண்டிய தாள்கள் காற்றில் பறந்து தரையெல்லாம் கிடந்தன. தாள் ஒன்று கசங்கினாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர்.

"ஜெயிச்சாச்சு, இல்ல?" என்றார்.

தலையை ஆட்டினேன். சொல்ல முயன்றேன், சத்தம் வரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவருக்குப் பதில் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் என்னை உட்காரவைத்து, வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். எதிரே தானும் உட்கார்ந்தார்.

"முதல்ல மெத்தைக்கடை வந்துச்சு. அப்புறம் உன் குரல் விடச் சொல்லிச்சு," என்றார். "பெட்டி கத்தி ஓஞ்சதும் ஊரே அடங்கிப்போச்சு. நான் எந்திரிச்சு ஜன்னலைத் திறந்தேன். எனக்கும் மூச்சு நின்னுபோச்சு."

டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அப்புறம் எப்போது விட்டீர்கள் என்று கையால் கேட்டேன்.

"நீ சொன்னப்பதான் விட்டேன்," என்றார். "பெட்டில வர்றது எது, என் பொண்டாட்டி கத்தறது எதுன்னு எனக்குத் தெரியாதா?"